தங்கம் போர்த்திய கறித்துண்டு!

இலண்டன் மாநகரில், சீமான்களும் சீமாட்டிகளும் உலா வரும் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில், 2021 செப்டம்பரில் ஓர் உணவு விடுதி திறக்கப்பட்டது. அதன் உணவுப் பட்டியலிலே ஒரு பண்டம்: விலா எலும்போடு வெட்டி எடுத்து, நெருப்பில் வாட்டி, மேலே தங்கத் தாள் ஒட்டிய மாட்டுக்கறித் துண்டு. 'ஸ்டேக்' என்பது அதன் பெயர். அந்த ஆண்டு அதற்கு வைத்த விலை 1,450 பவுண்டு!

ஆயிரத்து நானூற்று ஐம்பது பவுண்டு! இதை ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டாம். உழைப்பில் பெருக்கிப் பார்ப்போம். அந்த ஆண்டிலே பிரிட்டனில் 23 வயது நிரம்பிய தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 8 பவுண்டு 91 பென்ஸ். அந்தக் கூலி பெறுபவர் அந்தத் தட்டை வாங்க ஏறத்தாழ 163 மணி நேரம் உழைக்க வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 5 நாள் என்றால் நான்கு வாரம்! வீட்டு வாடகை கொடாமல், ரொட்டி வாங்காமல், பிள்ளைக்குப் பால் வாங்காமல் நான்கு வாரம் பாடுபட்டால் ஒரு தட்டுக் கறி!

"சீமான் தின்கிறான், சீமான் கொடுக்கிறான், நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நாம் இதை எழுதுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, விலை வேறு, மதிப்பு வேறு என்பதைப் பாட்டாளி தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒரு பொருளின் விலையில் நியாயம் எவ்வளவு, ஆடம்பரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே, தன் உழைப்புக்கு என்ன விலை கேட்பது என்பதையும் அறிவான். இரண்டாவது காரணம், அந்த மேசையில் வந்து அமர்ந்தவர்கள் யார் என்பது. அதைப் பின்னால் சொல்வோம்.

நியாயத்தின் பங்கு

முதலில் நியாயத்தைப் பேசுவோம். விலை அதிகம் என்ற ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் மோசடி என்று தூற்றுவது நமது வழக்கமல்ல.

மாட்டின் முதுகெலும்பை ஒட்டி உட்புறமாக ஓடும் தசை ஒன்று உண்டு. மாடு நடந்தாலும் நின்றாலும் அதற்கு அதிக வேலையில்லை. வேலையில்லாததால் அது மென்மையாக இருக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள மாட்டில் அப்படிப்பட்ட கறி சில கிலோதான் தேறும். 'டெண்டர்லாயின்' என்று பெயர் சூட்டி, உயர்ந்த விலைக்கு விற்பது அதைத்தான். காலிலும் கழுத்திலும் தோளிலும் உள்ள தசைகளோ நாளெல்லாம் உழைப்பவை. அவற்றிலே நார் மிகுதி. நெருப்பில் சற்றே வாட்டித் தின்றால் பல்லுக்கு அடங்காது. ஆகவே விலை குறைவு.

உழைக்காத தசைக்கு உயர்ந்த விலை, உழைக்கும் தசைக்குத் தாழ்ந்த விலை! மாட்டின் உடலுக்குள்ளேயும் நம் சமுதாயத்தின் படம் தெரிகிறதே என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் இன்னொன்றையும் அறிந்து சிரிக்கட்டும்: சுவை மிகுந்திருப்பது உழைத்த தசையிலேதான்! அதை மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவைத்தால், கடித்தாலும் அறாத நாரெல்லாம் இளகிக் கரைந்து குழம்புக்கே செழுமை தரும். இதை நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பிறகு தரம். அமெரிக்காவில் 1927 முதல் அரசாங்கமே மாட்டுக்கறிக்குத் தரம் பிரித்து முத்திரையிடுகிறது. பளிங்குக் கல்லில் வரி ஓடுவதுபோலச் சதைக்குள் கொழுப்பு இழைகள் எவ்வளவு ஓடுகின்றன என்பதே முக்கிய அளவுகோல். முதல்தர முத்திரை பெறுவதற்காக மாட்டை மாதக்கணக்கில் தானியம் போட்டு வளர்க்கிறார்கள். அதற்குச் செலவுண்டு. வெட்டிய கறியைக் குளிர் அறையில் மூன்று நான்கு வாரம், அதற்கு மேலும் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதும் உண்டு. அந்த நாட்களில் கறியிலுள்ள நொதிகள் இறுகிய தசையை இளக்குகின்றன. நீர் வற்றிச் சுவை திரள்கிறது. ஆனால் எடையும் குறைகிறது. காய்ந்துபோன மேல்பகுதியைச் சீவி எறியவும் வேண்டும். அந்த இழப்பையும் யாரேனும் ஏற்கத்தானே வேண்டும்? இத்தனைக்கும் மேலே, கறியின் பதம் அறிந்து, நெருப்பின் பதம் அறிந்து, சரியான நொடியில் இறக்கும் சமையற்காரரின் கைத்திறன். அதுவும் உழைப்புத்தான், அதற்கும் கூலி உண்டு.

ஆகவே, நல்ல விடுதியில் நல்ல கறிக்கு, சந்தை விலையைப்போல் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கேட்டால் நாம் வழக்காட மாட்டோம். திருமண நாளிலே மனைவியை அழைத்துச் சென்று ஒருவேளை உண்டுவர ஒரு தொழிலாளி விரும்பினால், ஊதாரி என்று அவரை ஏசவும் மாட்டோம். நல்ல உணவு செல்வர்களின் தனிச்சொத்து அல்ல.

பெயருக்கு விலை

இந்த நியாயம் முடிகிற இடத்தில்தான் அந்த வேறு வாணிபம் தொடங்குகிறது.

ஜப்பான் நாட்டிலே ஹியோகோ மாநிலத்தில், தஜிமா என்ற மரபைச் சேர்ந்த மாடுகளிலிருந்து, கடுமையான விதிகளின்படி தேர்ந்தெடுக்கப்படும் கறிக்குக் 'கோபே' என்று பெயர். உலகப் புகழ் பெற்ற கறி. அமெரிக்காவுக்கு அது முதன்முதலாக ஏற்றுமதியானது 2012ஆம் ஆண்டின் இறுதியில்தான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அமெரிக்க விடுதிகளின் உணவுப் பட்டியல்களில் 'கோபே' என்று அச்சிட்டு விலையை ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள்! தின்றவர்கள் கோபேயைச் சுவைத்ததாகவே நம்பினார்கள். ஊராரிடம் பெருமையும் பேசியிருப்பார்கள். அவர்கள் விலை கொடுத்தது நாவுக்கல்ல, பெயருக்கு!

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1887 முதல் நடந்துவரும் பீட்டர் லூகர் என்ற ஸ்டேக் விடுதி, அந்நாட்டின் பெரும்புகழ் விடுதிகளில் ஒன்று. 2019 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் உணவு விமர்சகர் பீட் வெல்ஸ் அங்கே உண்டுவிட்டு, ஒரு நட்சத்திரம்கூடத் தராமல் விமர்சனம் எழுதினார். பணம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது ஏமாந்துவிட்டோமே என்ற எண்ணம் அகலவில்லை என்பது அவர் எழுத்தின் சாரம். பழம்பெருமை ஒன்றே இன்றைய தட்டுக்கு உத்தரவாதமாகாது. இது ஓட்டலுக்கு மட்டுமா பொருந்தும்!

இனி அந்தத் தங்கத்துக்கு வருவோம். உணவில் ஒட்டும் தங்கத் தாளுக்குச் சுவையுமில்லை, மணமுமில்லை, சத்துமில்லை. வயிற்றிலே செரிக்காமல், போனபடியே வெளியேறும். மில்லி மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தாளில், உள்ளங்கை அளவுத் தாள்களாகப் பத்து ஒட்டினாலும் கால் கிராம் தங்கம்கூட ஆகாது. அப்படியானால் எதற்காக ஒட்டுகிறார்கள்? பக்கத்து மேசைக்காரர் பார்ப்பதற்காக! படமெடுத்து ஊருக்குக் காட்டுவதற்காக!

'எல்லோராலும் வாங்க முடியாததை நான் வாங்கிவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்கே அந்த விலை. நம் நாட்டிலே இந்த வித்தையின் மறுபக்கத்தைக் காண்கிறோம். சேரியிலே ஏழை உழைப்பாளி மாட்டுக்கறி உண்டால் இழிவு என்று முகம் சுளித்தது சாதி ஆணவம். அதே கறி நட்சத்திர ஓட்டலிலே பீங்கான் தட்டேறி, 'ஸ்டேக்' என்று ஆங்கிலப் பெயரும் சூடிக்கொண்டால் நாகரிகம்! கறி மாறவில்லை, உண்பவனின் அந்தஸ்துதான் மாறியது.

கொடுத்த பணம் போன இடம்

இத்தனை பணம் கைமாறுகிறதே, உழைத்த கைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது?

அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி, இனாம் பெறும் விடுதித் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இல் வகுத்த கூலி இது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தச் சட்டம் ஒரு சென்ட் உயர்த்தவில்லை. சில மாநிலங்கள் தாமாக உயர்த்தியிருக்கின்றன. உயர்த்தாத மாநிலங்களில், தட்டைச் சுமந்துவரும் தொழிலாளி பெரும்பாலும் உண்பவர் தரும் இனாமையே நம்பிக் குடும்பம் நடத்த வேண்டும்.

மாட்டை அறுக்கும் தொழிலாளி நிலை என்ன? 2020இல் கொரோனா கொள்ளைநோய் பரவியபோது, அமெரிக்க இறைச்சி ஆலைகளில் தோளோடு தோள் உரச நின்று கறி வெட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். ஆலைகள் மூடத் தொடங்கின. ஏப்ரல் 28ஆம் நாள், ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களில் மட்டும், நோயின் முதல் ஓராண்டில் 59 ஆயிரம் தொழிலாளர்களுக்குத் தொற்றியது, 269 பேர் மாண்டனர் என்று அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்று 2021 அக்டோபரில் அறிக்கை தந்தது. எந்த உணவுப் பட்டியலும் இந்தக் கணக்கை அச்சிடாது.

அமர்ந்தவர்கள் யார்?

இலண்டனில் தங்கக் கறி விற்ற விடுதியின் உரிமையாளர், துருக்கியைச் சேர்ந்த நுஸ்ரெத் கோக்செ. இளமையில் கசாப்புக் கடையில் வேலை கற்றவர். 2017 ஜனவரியில், கையை வளைத்து, முழங்கை வழியே உப்பைத் தூவும் படம் ஒன்றால் உலகப் புகழ் பெற்றவர். தொழிலாளியாகத் தொடங்கி உயர்ந்தவர் என்பதில் நமக்கு வருத்தமில்லை. 2022 நவம்பரில், அபுதாபிக் கிளையில் ஒரே மேசைக்கு வந்த 6 இலட்சத்து 15 ஆயிரம் திர்ஹாம் பில்லை அவரே வெளியிட்டு, தரமானது ஒருநாளும் விலை மிகுந்ததாகாது என்று பெருமை பேசினார். வணிகர் அவர், அப்படித்தான் பேசுவார். நம் கேள்வி அவரிடமல்ல.

2018 செப்டம்பரில், இஸ்தான்புல் நகரிலுள்ள அவருடைய விடுதியில், அவர் கையாலே கறி அறுத்து வைக்க, உண்டு, சுருட்டும் புகைத்து மகிழ்ந்தவர் வெனிசுவேலாவின் அன்றைய அதிபர் மதுரோ. சோசலிசம் பேசியவர்! அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய 2017ஆம் ஆண்டு ஆய்விலே, ஓராண்டில் உடல் மெலிந்ததாகக் கூறியவர்கள் 64 சதவிகிதம். அவர்கள் இழந்த எடை சராசரி 11 கிலோ. மக்கள் எலும்பும் தோலுமாக, தலைவர் கறியும் சுருட்டுமாக!

2021 நவம்பரில், இலண்டன் விடுதியில், தங்கம் ஒட்டிய கறியை விடுதிக்காரர் கையாலேயே வாயில் வாங்கிக்கொண்டவர் வியட்நாமின் அன்றைய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் தோ லாம். அதே பயணத்தில் கார்ல் மார்க்சின் கல்லறைக்குச் சென்று மலர் வைத்தவரும் அவரே! அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், கொள்ளைநோயால் வேலையிழந்த தொழிலாளர்கள் ஹோ சி மின் நகரிலிருந்து மூட்டை முடிச்சோடு, பிள்ளைகுட்டிகளோடு, மோட்டார் சைக்கிள்களில் ஊர் திரும்பினார்கள்.

தா நாங் நகரில் மாட்டுக்கறி நூடுல்ஸ் விற்கும் எளிய வியாபாரி ஒருவர், உப்புக்குப் பதில் வெங்காயத் தாளைத் தூவி, அந்தக் காட்சியைக் கேலி செய்து படம் வெளியிட்டார். ஊரே சிரித்தது. 2022 செப்டம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். பல காலமாக அவர் இணையத்தில் வெளியிட்டவற்றைக் காட்டி, அரசுக்கு எதிரான பிரச்சாரம் என்று குற்றஞ்சாட்டினார்கள். 2023 மே மாதம் ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை! தங்கக் கறி உண்டவரோ 2024 மே மாதம் நாட்டின் அதிபரானார். ஆகஸ்டில் கட்சியின் பொதுச் செயலாளரும் ஆனார்.

விலைக்குத் தகுமா என்று கேட்டோமே, இதோ விலை! உண்டவர் கொடுத்தது எவ்வளவோ, நாம் அறியோம். சிரித்தவர் கொடுத்தது ஐந்தரை ஆண்டு.

நாம் கேட்க வேண்டியது

தோழர்களே! நல்ல கறிக்கும் நல்ல கைத்திறனுக்கும் கூடுதல் விலை தகும். பெயருக்கும் தங்கத் தாளுக்கும் தகாது. அந்தத் தட்டைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை; அதைத் தின்னாததால் நாம் குறைந்துவிடவும் இல்லை. மலிவு விலையில் வாங்கிய உழைத்த தசையைப் பொறுமையாக வேகவைத்து, வீட்டாரோடு கூடி உண்ணும் குழம்பு, சுவையிலே எந்த விடுதிக்கும் இளைத்ததல்ல.

சீமான் தன் பணத்தில் தங்கம் தின்றால் அது அவன் மடமை. ஆனால் உழைப்பாளியின் பெயரால் பதவி ஏறியவர் அந்த மேசையில் அமர்ந்தால் அது துரோகம். அவர் தோளிலே எந்த நிறத் துண்டு கிடந்தாலும், எந்தக் கல்லறையில் மலர் வைத்தாலும் துரோகம் துரோகமே! 'இந்தத் தட்டுக்கு யார் பணம் கொடுத்தார்?' என்று அவரை நிறுத்திக் கேட்கும் உரிமை ஒவ்வொரு தொண்டனுக்கும் உண்டு. மாற்றாரை மட்டுமல்ல, நம்மவராயினும் கேளுங்கள்! கிளைக் கூட்டத்திலே எழுந்து நின்று கேளுங்கள்! கேட்டவனைச் சிரித்த முகத்தோடு பார்த்துக் கணக்குச் சொல்பவரே தலைவர். அப்படிப்பட்டவரைத் தோளில் சுமப்போம். மற்றவருக்குத் தோள் கொடுக்க மாட்டோம்!