'பாட்ஷா' முதல் 'சேது' வரை... 90ஸ் படங்கள் இன்னும் நம்மை விடாதது ஏன்?

ரீல்ஸைத் திறந்தால் நீலாம்பரி. வாட்ஸ்அப் ஸ்டிக்கரில் கவுண்டமணி - செந்தில். விடுமுறை நாளில் டிவியைப் போட்டால் 'சூர்யவம்சம்'. 90களில் பிறக்காதவர்களுக்குக்கூட 90களின் படங்கள் அத்துப்படி!

இதற்கு முக்கியமான காரணம், டிவி. 1993-ல் சன் டிவி வந்தபோதே தனியார் சேனல்களின் காலம் தொடங்கிவிட்டது. தியேட்டரில் ஓடி முடிந்த படங்கள் பண்டிகைதோறும் வீட்டு ஹாலுக்கே வந்தன. தாத்தா முதல் பேத்தி வரை ஒரே படத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்த்த தலைமுறை அது. அந்தப் படங்கள் விட்டுச்சென்றது என்ன? சில உதாரணங்களைப் பார்ப்போம்.

வீட்டு ஸ்டூடியோவில் பிறந்த இசை

1992 ஆகஸ்ட் 15-ல் மணிரத்னத்தின் 'ரோஜா' வெளியானபோது ஏ.ஆர்.ரஹ்மானுக்கு வயது 25. முதல் படத்திலேயே தேசிய விருது. சென்னையில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய சொந்த ஸ்டூடியோவில் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாகச் செதுக்கினார். இன்று லேப்டாப்பும் ஹெட்போனுமாக அறைக்குள் உட்கார்ந்து ஆல்பம் போடும் இளைஞர்களுக்கு அந்த ஸ்டூடியோ ஒரு முன்னோடி.

ஆட்டோக்காரரின் ஃப்ளாஷ்பேக்

1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'வின் கதை எளிமையானது. அடித்தாலும் திருப்பி அடிக்காத ஆட்டோ டிரைவர் மாணிக்கம். அவருக்கு பம்பாயில் வேறொரு கடந்த காலம். தம்பி தங்கைக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்பவர், ஒரு கட்டத்தில் வெடிக்கிறார். 'சாதாரண மனிதன், மறைத்த கடந்த காலம், ஒரு வெடிப்பு' என்ற இந்த ஃபார்முலாவை எத்தனை ஹீரோக்கள் பயன்படுத்திவிட்டார்கள், நீங்களே எண்ணிப் பாருங்கள். வில்லன் ரகுவரனின் பெயரான மார்க் ஆண்டனி, 2023-ல் ஒரு படத்தின் தலைப்பாகவே வந்தது.

அதே 1995-ல் வந்த 'முத்து', 1998-ல் ஜப்பானில் வெளியாகி ரஜினிக்கு அங்கே பெரிய ரசிகர் கூட்டத்தைத் தந்தது. தமிழ்ப் படத்துக்கு வெளிநாட்டில் தமிழர் அல்லாதவர்களும் டிக்கெட் வாங்குவார்கள் என்பதை அந்தப் படம் காட்டியது.

கடிதமும் கலெக்டரும்

அகத்தியனுக்கு சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை வாங்கித் தந்த படம் 'காதல் கோட்டை' (1996). தொலைந்த சான்றிதழ்களை அனுப்பிவைத்த முகம் தெரியாத மனிதரோடு கடிதத்திலேயே காதல். 'ப்ளூ டிக்' வந்தும் பதில் வராவிட்டால் தவிக்கும் இந்தக் காலத்தில் அந்தக் காத்திருப்பு இன்னும் அழகாகத் தெரிகிறது.

'கருத்தம்மா' (1994) பெண் சிசுக்கொலையைத் துணிந்து பேசியது. தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. 'சூர்யவம்சம்' (1997) படத்தில் படிக்காத கணவனின் துணையோடு மனைவி கலெக்டர் ஆகிறார். அமிதாப் பச்சன் நடித்த இந்தி ரீமேக், வடக்கிலும் டிவியில் ஓடி ஓடியே மீம் ஆகிவிட்டது!

கைதட்டிய இடங்களில் ஒரு கேள்வி

இத்தனையும் சரி. ஆனால், அதே படங்களை இன்று மகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது சில காட்சிகள் உறுத்துகின்றன.

'படையப்பா'வில் (1999) ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரி வில்லிதான். ஆனாலும், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஹீரோ பாடம் எடுக்கும் இடத்துக்கு அன்று விழுந்த கைதட்டல் இன்று எல்லா வீட்டிலும் விழுவதில்லை. இன்றைய பெண்கள் பலர் நீலாம்பரியின் மிடுக்கைத்தான் ஸ்டேட்டஸாக வைக்கிறார்கள்.

1999 டிசம்பரில் வந்த பாலாவின் 'சேது', தமிழ் சினிமாவை யதார்த்தத்தின் பக்கம் திருப்பிய படங்களில் ஒன்று. விக்ரமுக்கு மறுவாழ்வு தந்த படம். அதில் நாயகன், பயந்து ஒதுங்கும் பெண்ணைக் கடத்திச் சென்று தன் காதலைச் சொல்கிறான். அதன் பிறகுதான் அவள் மனம் மாறுகிறது. விரட்டினால், மிரட்டினால் காதல் வரும் என்று திரையில் பார்த்துப் பழகியவர்கள், நிஜத்தில் ஒரு பெண் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லை எப்படிக் காதில் வாங்குவார்கள்? இந்தப் படங்களின் தாக்கத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அதற்காக இந்தப் படங்களை ஒதுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை டிவியில் வரும்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்கும்போது சேர்ந்து பதறுங்கள். கலெக்டர் மனைவியைப் பார்த்துச் சேர்ந்து பூரியுங்கள். கடத்தல் காட்சி வரும்போது மட்டும் சேனலை மாற்றாமல், 'இது காதல் இல்லை கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஹாலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பதில் இருக்கும் நன்மையே அதுதானே!