பரீட்சை பிள்ளைக்கு, காய்ச்சல் வீட்டுக்கே!

மாசி பிறந்துவிட்டால் எங்கள் மரக்காணம் பக்கத்தில் இரண்டு வேலைகள் சேர்ந்தாற்போல் சூடு பிடிக்கும். ஒன்று, உப்பளத்தில் உப்பு வாருவது. இன்னொன்று, பிள்ளைகளின் பொதுத்தேர்வு. விடியுமுன்னே அம்மா உப்பளத்துக்குக் கிளம்புவாள். அதே நேரத்தில் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு புத்தகத்தைத் திறக்கும். இரண்டு பேருக்குமே அந்த 3 மாதம்தான் வருஷத்தின் தலையெழுத்து.

அந்த நாட்களில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே போதும், காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. 'பையனுக்கு வயிற்று வலி', 'பொண்ணுக்கு ஓயாத தலைவலி' என்று கூட்டி வருவார்கள். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கூட வந்த அம்மாவுக்கும் தலைவலி. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். பாட்டிக்கு ராத்திரி தூக்கமில்லை. பரீட்சை எழுதப்போவது ஒரே ஒரு பிள்ளை. காய்ச்சல் மட்டும் வீடு முழுக்க!

உப்பளத்துக் குடும்பங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிக் கொஞ்ச தூரம் போனால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ம் தேதி தொடங்கிய சர்வதேச நகரம். பிள்ளை மதிப்பெண்ணுக்காகப் படிக்கக் கூடாது, தன் வேகத்தில், தன் விருப்பத்தில் கற்க வேண்டும் என்பது அங்குள்ள கல்விமுறையின் அடிப்படை எண்ணம். ஆனால், மேற்படிப்புக்கு வெளியே போக வேண்டுமென்றால் அங்கேயும் தேர்வு வந்து நிற்கிறது. ஃப்யூச்சர் ஸ்கூல் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வுகளை எழுதுகிறார்கள். ஆரோவில்லைச் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கோ பத்தாவது, பிளஸ் டூ என்ற வழக்கமான கதைதான்.

ஆக, எந்தத் திசையில் போனாலும் தேர்வைத் தவிர்க்க முடியாது. அதன் பயத்தைக் குறைக்க முடியும். அது பெரும்பாலும் பெற்றோர் கையில் இருக்கிறது.

அடக்கக் கூடாத நான்கு

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று சொல்வோம. தும்மல், இருமல், கொட்டாவி, மலம், சிறுநீர் என்று உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள் இவை. இவற்றை அடக்கினால் வாதம், பித்தம், கபம் மூன்றும் நிலை குலைந்து நோய் வரும் என்பது நம் மருத்துவத்தின் பால பாடம். அந்தப் பதினான்கில் நான்கைப் பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் கட்டாயம் அடக்குகிறார்கள். தூக்கம், பசி, தாகம், கண்ணீர். பல வீடுகளில் நாமே அடக்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதுதான் வேதனை.

தூக்கம்: 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம். படித்தது மனதில் படிவதே தூக்கத்தில்தான். ராத்திரி 2 மணி வரை படித்துவிட்டு 5 மணிக்கு எழுகிற பிள்ளை, பாத்திரத்தில் பாலை ஊற்றிக்கொண்டே அடியில் ஓட்டையும் போடுகிறது. இன்னொரு விஷயம். வளரும் வயதில் தூக்கம் வருகிற நேரம் இயற்கையாகவே கொஞ்சம் தள்ளிப் போகும். 'எட்டு மணிக்குப் படு, நாலு மணிக்கு எழு' என்றால் சில பிள்ளைகளால் முடியவே முடியாது. அது சோம்பல் அல்ல. பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழட்டுமே, என்ன குறைந்துவிடும்?

விழித்திருக்க வேண்டுமென்று ராத்திரி காபி போட்டுக் கொடுக்கிற அன்பு அம்மாக்களே! காபியின் வேகம் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். கடைகளில் டின்னில் விற்கிற 'எனர்ஜி' பானங்கள் வேண்டவே வேண்டாம். படுக்கும்போது செல்போன் கூடத்தில் இருக்கட்டும். பிள்ளையுடையது மட்டுமல்ல, அப்பாவுடையதும்தான்!

பசி, தாகம்: மாசி, பங்குனி பின்பனிக் காலம். காலையில் பனி, பகலில் வெயில். அடுத்து வருகிற சித்திரையில் சொல்லவே வேண்டாம். தண்ணீர் குறைந்தாலே தலைவலியும் மலச்சிக்கலும் எட்டிப் பார்க்கும். மேசையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய நீர் வயிற்றுக்கு இதம். பகலில் இஞ்சி, கறிவேப்பிலை போட்ட நீர்மோர் கொடுங்கள்.

காலை உணவை மட்டும் விட்டுவிட விடாதீர்கள். இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் என்று எது பழக்கமோ அதையே கொடுங்கள். வாரத்தில் 2, 3 நாள் முருங்கைக்கீரை இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்குச் சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால், 'படிக்க அலுத்துக்கிறா' என்று முடிவு கட்டாமல் ரத்தசோகை உண்டா என்று ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். ராத்திரி புரோட்டாவும் பொரித்த கோழியும் தேர்வு முடிகிற வரை ஓய்வெடுக்கட்டும்!

கண்ணீர்: 'ஆம்பளப் புள்ள அழலாமா?' என்று ஒரு வார்த்தை சொல்வோம். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளை வாயை மூடிக்கொள்வான். மூடிய வாய்தான் பின்னால் வயிற்று வலியாகப் பேசுகிறது. கணக்குப் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று அழுதால் அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள். உபதேசம் அடுத்த நாளைக்கு ஆகட்டும்.

ஒரு வாந்தியும் இரண்டு பெற்றோரும்

சில வருஷங்களுக்கு முன் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். அப்பாவுக்கு உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை. அம்மா ஆரோவில் பக்கம் ஊதுபத்தி செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போகிறவர். பொண்ணுக்குத் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வாந்தி. எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, உடம்பில் குறை ஒன்றுமில்லை. மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன்.

அப்பா சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க ஐயா. அவங்கம்மாதான் நாள் பூரா நச்சரிக்கிறா."

அம்மா சொன்னார்: "இவரு ஒரு வார்த்தை கேட்டாத்தானே ஐயா? எல்லாத்தையும் நானே பாக்கணும். மார்க் கொறஞ்சா மட்டும் 'உன் வளர்ப்பு'ம்பாரு."

பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் சொன்னாள்: "நான் ராத்திரி படிக்கிறப்போ வெளியில சண்டை போடுவாங்க. என்னாலதான் சண்டைன்னு தோணும். எழுதாமலே இருந்துடலாம்னு இருக்கு."

பெண்ணுக்குச் சீரகத் தண்ணீர், ராத்திரி 8 மணிக்குள் எளிய சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். பெரிய மருந்துச் சீட்டு அவளைப் பெற்றவர்களுக்குத்தான் எழுத வேண்டியிருந்தது. படிப்பைப் பற்றி அப்பா மட்டும் பேசுவது, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை. அம்மா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ராத்திரிக் காவல் இனி அப்பாவுடையது, அம்மா 10 மணிக்குப் படுத்துவிட வேண்டும். சண்டை போட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே நடந்துகொண்டே போடுவது! அம்மா அங்கேயே சிரித்துவிட்டார். மூன்றாவது வாரம் வந்தபோது வாந்தி நின்றிருந்தது. 'எத்தனை மார்க்?' என்று அப்புறம் நான் கேட்கவில்லை. தேர்வுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனாள், அது எனக்குப் போதும்.

கணவனும் மனைவியும் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம்

பிள்ளைக்கு டைம்டேபிள் போடுகிறோம். நமக்கு ஒன்று போட்டுக்கொண்டோமா? இதைச் செய்து பாருங்கள்.

1. தேர்வு தொடங்குமுன்னே இருவரும் தனியாக உட்கார்ந்து 'மார்க் குறைந்தால் என்ன செய்யப்போகிறோம்?' என்று பேசி முடித்துவிடுங்கள். பயத்துக்குப் பதில் தெரிந்துவிட்டால் குரல் தானாகத் தணியும்.

2. 'உன்னால்தான் பிள்ளை இப்படி' என்ற வாக்கியம் மூன்று மாதத்துக்குத் தடை. பிள்ளை காதுபட மட்டுமல்ல, தனியாகவும்.

3. வேலையைப் பங்கு போடுங்கள். காலைச் சமையல் அம்மா என்றால், தேர்வு மையத்துக்குக் கொண்டு விடுவது அப்பா. ஒருவர் களைத்திருக்கும்போது மற்றவர், 'நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லுங்கள். இதற்கு ஈடான லேகியம் எதுவும் எனக்குத் தெரியாது.

4. உறவினர் போனை ஒருவரே எடுங்கள். 'நல்லா படிக்கிறான்' என்ற ஒரே பதில் போதும். அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பெண் கதை வேண்டாம். மாநில ரேங்க் அறிவிப்பதையே 2017-ல் பள்ளிக்கல்வித்துறை நிறுத்திவிட்டது. நாம் வீட்டுக்குள் இன்னும் ரேங்க் போட்டுக்கொண்டிருக்கலாமா?

5. அப்பா வெளிநாட்டில் இருக்கிறாரா? போனில் 'எத்தனை பாடம் முடிஞ்சுது?' என்பதை விட்டு, 'சாப்பிட்டியா கண்ணு?' என்று கேட்கட்டும். தனியாகப் பிள்ளையை வளர்க்கிற அம்மாக்கள், அக்காவோ தம்பியோ சிநேகிதியோ ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள், அதற்கும் அம்மா வேண்டும்.

வல்லாரை சாப்பிட்டால் மார்க் வருமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வல்லாரை மூளைக்கு நல்லது என்று நம் நூல்கள் சொல்வது உண்மை. ஆனால், படிக்காத பாடத்தை அது எழுதிக் கொடுக்காது! தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு டப்பா டப்பாவாக மாத்திரை வாங்கி விழுங்குவதில் பயனில்லை. அளவு மீறினால் தலைவலியும் மயக்கமும் வரலாம். கீரையாகவே வாரம் 2 நாள் துவையல் செய்யுங்கள். ஒரு கைப்பிடி வல்லாரையை எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, 2 மிளகாய் வற்றல், கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு சேர்த்து அரைத்தால் போதும்.

தூக்கத்துக்கு ஜாதிக்காய், சுறுசுறுப்புக்கு ஏதோ ஒரு லேகியம் என்று யார் சொன்னாலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். புது மருந்து எதையும் தேர்வு நேரத்தில் தொடங்கவே கூடாது. மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கமும் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். எண்ணெய் முழுக்கு உடம்புக்கு நல்லதுதான். ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் வேண்டாம், அசதி தூக்கித் தள்ளும். தேர்வுக்கு நடுவே காய்ச்சல் வந்தால், கஷாயம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேர்வு நாள் காலை

ஹால் டிக்கெட், பேனா, தண்ணீர் எல்லாம் முந்தின இரவே எடுத்து வைத்தாகட்டும். காலையில் புதுக் கேள்வி கேட்டுப் பிள்ளையைச் சோதிக்காதீர்கள். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்கவே 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் நாலு மூச்சு நிதானமாக இழுத்துவிட்டு, தெரிந்த கேள்வியில் தொடங்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் வினாத்தாளை வாங்கி விடை சரிபார்க்கும் வேலை வேண்டாம். எழுதினது எழுதினதுதான். சோறு போடுங்கள்.

ரிசல்ட் அன்று

இதுதான் மிக முக்கியம். ரிசல்ட் அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இருவரில் ஒருவர் லீவு போடுங்கள். தோற்றுவிட்டால் அந்த வருஷமே போச்சு என்று அர்த்தமில்லை. கொஞ்ச நாட்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. எழுதித் தேறினால் அதே வருஷம் கல்லூரியில் சேரலாம்.

பிள்ளை சில நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை, பிடித்த பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்கிறது, 'நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி' என்கிறது என்றால், அது நடிப்பு என்று நினைக்காதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம்தான் இறங்கும். உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலிமனஸ் 14416 இரண்டு எண்களிலும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பெற்றோரும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. எழுதாமலே இருந்துடலாம் என்று அந்தப் பெண் சொன்னதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அவளிடம் நான் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

உப்பளத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாத்தி ஓரத்துல நின்னு அதட்டினா உப்பு விளையுமாங்க? வெயிலும் காத்தும் நாளும் ஆகணும். நடுவுல ஒரு மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சி போவும். அதுக்காகப் பாத்தியையே மூடிட்டா போறோம்?"

தேர்வு நேரத்துப் பெற்றோருக்கு இதைவிட நல்ல புத்திமதி எனக்குத் தெரியவில்லை. இன்று ராத்திரி பிள்ளை படிக்கும்போது நீங்கள் இருவரும் பக்கத்து அறையில் மெதுவாகச் சிரித்துப் பேசிப் பாருங்கள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அது கேட்கும்.