சுவரில் ஒட்டிய காகிதம்
மும்பையில் வீட்டைக் கூட்டிக் கட்டும் நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

(நமது பகுதி நேர நிருபர்)

2019-ம் ஆண்டு மார்ச் மாதம். ஒரு சனிக்கிழமை இரவு டூட்டி முடிந்து ஆன்டாப் ஹில் பக்கம் நான் குடியிருக்கும் சந்துக்குள் நுழைந்தேன். பின் வரிசையில் இட்லிக் கடை நடத்தும் அக்கா என் வாசலில் காத்திருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. சுவத்துல ஒட்டிட்டுப் போயிருந்தாங்க. தண்ணி பில்லா இருக்கும்னு உரிச்சு எடுத்து வச்சேன்" என்றார்.

மராத்தியில் அச்சடித்த படிவம் அது. நடுவில் காலியாக விட்ட இடங்களைப் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். தண்ணீர் பில் அல்ல. அனுமதி இல்லாமல் கட்டிய பாகத்தை ஏன் இடிக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் எழுத்து மூலம் காரணம் காட்டும்படி, மும்பை மாநகராட்சிச் சட்டம் 351-வது பிரிவின் கீழ் கொடுத்த நோட்டீஸ். தேதியைப் பார்த்தேன். ஐந்து நாள் போய்விட்டது. மிச்சம் ஞாயிறும் திங்களும்தான்.

அக்காவின் கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. இரண்டு பையன்கள். மூத்தவனுக்குக் கல்யாணம் பேச வேண்டும்; சின்னவன் அந்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். ஒற்றை அறை போதவில்லை. சீட்டுப் பணம், நகை அடகு எல்லாம் சேர்த்து ரூ.1,80,000 செலவில் பழைய சிமெண்டு ஷீட்டை எடுத்துவிட்டு, சுவரை உயர்த்தி, ஸ்லாப் போட்டு, மேலே இன்னொரு அறை கட்டினார். "எல்லாரையும் நான் பேசிக்கிடுறேன்" என்று சொன்ன மேஸ்திரி, நோட்டீஸ் வந்த பிறகு போனை எடுக்கவில்லை.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவர் உயர்வதை நானும் தினம் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். பால் காய்ச்சிய அன்று கேசரியும் சாப்பிட்டேன். "அனுமதி வாங்கினீங்களா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிப்பேர் வேறு, கட்டடம் வேறு

நம்மவரில் பலர் "ரிப்பேர் செய்ய யாரைக் கேட்கணும்?" என்கிறார்கள். பாதி சரி, பாதி தவறு.

இந்த நகரத்தை இன்றும் ஆளுவது 1888-ம் ஆண்டு இயற்றிய மாநகராட்சிச் சட்டம். எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, அடிப்படை அதுதான். அதன் 342-வது பிரிவு, குடியிருப்பவர் செய்துகொள்ளும் சாதாரண ரிப்பேருக்கு அனுமதி வேண்டாம் என்கிறது. பூச்சு, வெள்ளை, தரை ஓடு மாற்றுவது, கக்கூஸ், குளியலறை, குழாய், சாக்கடைக் குழாய், மின்சார வயரிங் ரிப்பேர் எல்லாம் இதில் அடங்கும். கூரையும் மாற்றலாம். ஆனால் அதே பொருளால், அதே உயரத்தில்.

வீட்டின் நீள அகலமோ உயரமோ மாறினால் அது ரிப்பேர் அல்ல. பாரம் தாங்கும் சுவரை எடுப்பது, தரையைத் தோண்டித் தாழ்த்துவது, புதிதாக மாளா போடுவது, ஷீட்டுக் கூரையை எடுத்துவிட்டு வேறு பொருளில் தட்டையாகத் தளம் போடுவது ஆகிய எல்லாமே அனுமதி வேண்டிய வேலைகள். ஜோப்படிப் பகுதிகளில் 14 அடி உயரம் என்பது எல்லை. அக்காவின் வீடு அதைத் தாண்டி நின்றது.

எந்தப் பிரிவு என்று பாருங்கள்

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதி. அடுத்தது பிரிவு எண்.

354-ஏ என்றிருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, நிறுத்து என்று பொருள். அனுமதிக் காகிதத்தை 24 மணி நேரத்தில் காட்ட வேண்டும். 351 என்றால் வேலை முடிந்துவிட்டது. ஏன் இடிக்கக் கூடாது என்று காரணம் கேட்கிறார்கள். வெறும் 354 என்றால் விஷயமே வேறு. கட்டடம் பழுதாகி ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அனுமதி பற்றிய பேச்சே அதில் இல்லை. 314 என்பது தெரு, நடைபாதை ஆக்கிரமிப்பைப் பற்றியது. இதில் முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு.

351-க்குப் பதில் கொடுக்காவிட்டால், காட்ட ஒரு காரணமும் இல்லை என்றே அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். இடிக்கிற செலவையும் வீட்டுக்காரரிடமே வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

தேதிதான் ஆதாரம்

மும்பையில் ஒரு வீட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஒரு தேதி. குடியிருப்புக் கட்டடமானால் 17-4-1964-க்கு முன்பும், கடை, பட்டறையானால் 1-4-1962-க்கு முன்பும் இருந்ததாக நிரூபித்தால் மாநகராட்சி அதைப் பொறுத்துக்கொள்கிறது.

ஜோப்படிகளுக்குக் கணக்கு வேறு. 1976-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி நகரம் முழுவதும் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். அதில் பதிவானவர்களுக்கு போட்டோ பாஸ் கிடைத்தது. பிறகு அந்த எல்லைத் தேதி 1985, 1995 என்று நகர்ந்து 1-1-2000-க்கு வந்து நின்றது. அந்தத் தேதிக்கு முன்பிருந்து இருப்பவர்களுக்கு, 1971-ம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அதற்குப் பின், 1-1-2011 வரை வந்தவர்களுக்குப் பணம் கட்டி மாற்று வீடு பெறும் ஏற்பாடு பின்னால் வந்தது.

இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். போட்டோ பாஸ் என்பது குடியிருப்பதற்கான சான்று. கட்டுவதற்கான அனுமதி அல்ல. அன்றிருந்த ஒற்றை அறையை அது காக்கும். இன்று எழுப்பிய மேல் அறையைக் காக்காது.

லைட் பில்லும் அப்படித்தான். எத்தனை வருஷமாக இருக்கிறோம் என்று காட்ட உதவும். கட்டடத்தைச் சட்டப்படியானதாக ஆக்காது. வரி கட்டினாலும் இதே கதை. அனுமதியில்லாத கட்டடத்துக்கு வரியோடு அபராதமும் விதிக்கலாம் என்று சொல்லும் 152-ஏ பிரிவே, அதைக் கட்டியதால் கட்டடம் ஒழுங்காகிவிட்டதாகக் கருதக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டவிரோதக் குடிசையில் இருப்பவருக்கும் குடிதண்ணீர் மறுக்கக் கூடாது என்று மும்பை ஐகோர்ட் 2014-ல் சொன்னது. தண்ணீருக்கு அது உரிமை தந்தது, சுவருக்கு அல்ல.

சேலத்துக்குப் போன பஸ்

நோட்டீஸ் கொடுத்துக் காரணம் கேட்கும் இந்த முறை சும்மா வந்துவிடவில்லை. அதில் ஒரு தமிழரின் பங்கும் உண்டு.

1981-ம் ஆண்டு ஜூலை 13-ம் தேதி, அப்போதைய முதல்வர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை எல்லாம் அப்புறப்படுத்திச் சொந்த ஊருக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். கொட்டும் மழைக்காலம். சேலத்தில் வறட்சியால் பிழைப்பிழந்து 1961-ல் பம்பாய் வந்த ஒரு நிலமற்ற தொழிலாளி அப்போது மேற்கு எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம் நடைபாதையில் குடும்பத்துடன் இருந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி ரூ.23. பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய அந்தக் கூரைக்காக ஒரு தாதாவுக்கு ரூ.2,500 கொடுத்திருந்தார். ஜூலை 23-ம் தேதி அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் மூன்று பெண்களும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே குடியேறினார்.

அவரும் மனுதாரர்களில் ஒருவராகச் சுப்ரீம் கோர்ட் சென்ற வழக்குதான், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் அறியப்படும் புகழ்பெற்ற வழக்கு. 1985 ஜூலை 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கோர்ட் சொன்னது. ஆனால் நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. 314-வது பிரிவு முன்னறிவிப்பு இல்லாமல் அகற்ற இடம் தந்தாலும், சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பிறகே அகற்ற வேண்டும் என்பதும், மழைக்காலம் கழியும் வரை, அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உள்ளவை.

2024 நவம்பர் 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட் இதை நாடு முழுமைக்கும் இன்னும் இறுக்கியது. உள்ளூர்ச் சட்டம் தரும் கெடு அல்லது 15 நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். நோட்டீஸ் பதிவுத் தபாலில் வர வேண்டும். கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். நேரில் விசாரித்துக் காரணத்தோடு உத்தரவு போட வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ளவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புகார் கொடுத்தது யார்?

அக்காவின் வீட்டைப் பற்றி வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்தவர் அயலார் யாருமல்ல. எதிர் வீட்டுப் பெரியவர், நம்ம ஊர்க்காரர்தான். சந்தில் பலருக்கு அவர் மேல் கோபம். நான் போய்ப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய ஒரே ஜன்னலுக்கு எதிரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அக்காவின் புதுச் சுவர். அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல்.

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? ரெண்டு தடவ சொன்னேன், கேக்கல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விதி என்பது வார்டு ஆபீசுக்கும் நமக்கும் உள்ள தகராறு என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டாருக்கும் நமக்கும் உள்ள விஷயம். 2021 ஜூன் 9-ம் தேதி இரவு மலாட் மால்வணியில், மேலே மேலே கூட்டிக் கட்டிய ஒரு வீடு அடுத்த வீட்டின் மேல் சரிந்து 12 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். ஒற்றை அறைக்குப் போட்ட அஸ்திவாரம் எத்தனை தளத்தைத் தாங்கும் என்று மேஸ்திரிக்குக் கவலை இல்லை. நமக்கு இருக்க வேண்டும்.

இரண்டு நாளில் செய்தது

ஞாயிறு முழுக்கப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். கணவர் பெயரில் இருந்த போட்டோ பாஸ், பழைய ரேஷன் கார்டு, லைட் பில்கள், வாக்காளர் பட்டியல் நகல், கணவரின் இறப்புச் சான்று எல்லாம் கிடைத்தன. பழைய கூரையோடு வீடு தெரியும் ஒரு கல்யாணப் போட்டோவும் அகப்பட்டது.

பதிலில் பொய் எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். கீழ் அறை பழையது, அதற்கு இன்னின்ன ஆதாரம். மேல் பாகம் அறியாமல் கட்டியது, பையனின் பரீட்சை முடிய அவகாசம் கொடுத்தால் நாங்களே இறக்கிக்கொள்கிறோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதினோம். திங்களன்று லீவு போட்டு அக்காவுடன் போனேன். ஆவக் மேஜையில் கொடுத்து, நம் பிரதியில் முத்திரையும் எண்ணும் தேதியும் வாங்கிக்கொண்டோம். அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவகாசம் கிடைத்தது.

ஏப்ரலில் ஸ்லாப்பை உடைத்து, சுவரை 14 அடிக்குக் குறைத்து, மறுபடி ஷீட் போட்டார்கள். போட்ட பணம் போய்விட்டது. கம்பியும் கதவும் மட்டும் மிஞ்சின. அடகு நகையை மீட்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் கீழ் அறை நிற்கிறது. இட்லிக் கடையும் நடக்கிறது. போட்டோ பாஸை வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு மாற்ற அக்கா அதன் பிறகுதான் மனு கொடுத்தார். கணவர் இறந்த உடனே செய்திருக்க வேண்டிய வேலை அது.

வாசகர்களுக்குச் சில வார்த்தை

கட்டுவதற்கு முன் நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சி, கலெக்டர், மாடா, ரயில்வே, தனியார் என்று ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. "பேசிக்கிடலாம்" என்பவரிடம் அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் இல்லாத இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுத் தஸ்தாவேஜுகளை ஒரே இடத்தில் வைத்து, நகல்களை ஊரில் உள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். வீட்டை வருஷத்துக்கு ஒருமுறை உள்ளும் வெளியும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் ஆபத்தான கட்டடம் இருந்தால் மாநகராட்சியின் 1916 எண்ணில் தெரிவிக்கலாம். அதற்கு முன் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அப்படி யாராவது வந்து சொன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள்.

சுவரில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தாலும், மராத்தி தெரிந்த ஒருவரிடம் அன்றைக்கே படித்துக் கேளுங்கள். அக்கா அதைப் பெட்டியில் வைத்திருந்த ஐந்து நாளில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கலாம்.

எங்கள் சந்தில் இப்போது யார் வீட்டு வாசலில் மணல் கொட்டினாலும் நான் போய்க் கேட்டுவிடுகிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை. பரவாயில்லை.