கற்றாழைச் சோறும் மஞ்சட் பாலும்

யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் ஆகிய பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் கற்றாழை செழித்து வளர்கின்றது. வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்வோர், வெயிலினால் தோல் கன்றியவிடத்து இதன் சோற்றைப் பூசிக்கொள்வர். இது நல்ல வழக்கமே. ஆயினும், மடலிலுள்ள இருவகைப் பொருள்களையும் பிரித்தறிதல் அவசியமாகும்.

மடலின் நடுவிலுள்ள நிறமற்ற சோற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 99 பங்கு நீரே. தோலுக்குக் குளிர்ச்சி தருவது இதுவே. பச்சைத் தோலின் அடியிற் கசியும் மஞ்சட் பால் வேறானது. அதிலுள்ள அலோயின் என்னும் கசப்புப் பொருள் கடும் பேதியை உண்டாக்கும். சிலருக்குத் தோலிற் கடியையும் தடிப்பையும் தரும். இப்பால் உலர்ந்ததே கரியபோளம்.

எடுக்கும் முறை

முற்றிய அடி மடலை வெட்டி, வெட்டுவாய் கீழாக இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்திப் பாலை வடிய விடுக. பின்னர் கழுவி, முள் ஓரங்களையும் தோலையும் சீவி நீக்கி, சோற்றை மீண்டும் நீரில் அலசுக. சோறு விரைவிற் பழுதடையுமாதலால் வேண்டிய அளவே எடுத்தல் நன்று.

பூசுமுன்

முதன்முறை பயன்படுத்துவோர் முன்கையின் உட்புறத்திற் சிறிது பூசி ஒரு நாள் பார்த்தல் வேண்டும். கடியோ தடிப்போ தோன்றின் பயன்படுத்தலாகாது. சிறிய தீச்சுடுகையாயின், முதலில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரிற் பிடித்த பின்னரே பூசலாம். ஆழ்ந்த புண், பெரிய கொப்புளம், சீழ்ப்புண் ஆகியவற்றிற் பூசாது வைத்தியசாலைக்குச் செல்க.

கிருமிநாசினி பட்டால்

தெளிக்கும்பொழுது கிருமிநாசினி உடலிற் பட்டு எரிவு உண்டாயின் கற்றாழையைத் தேடிக் காலங்கழித்தல் பேராபத்தாகும். சோறு எரிவைத் தணிப்பதுபோலத் தோன்றினும் நஞ்சை அகற்றாது. நஞ்சு தோலினூடாக உட்சென்றுகொண்டேயிருக்கும். நனைந்த உடையை உடனே களைந்து, சவர்க்காரமும் நிறைய நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டால் நீரினால் மட்டும் நெடுநேரம் கழுவுக. தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத்திணறல் காணின் மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டுடன் தாமதமின்றி வைத்தியரிடம் செல்க.

உட்கொள்ளல்

மடலை முழுதாக அரைத்துக் குடித்தல் தகாது. முழு மடற் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்னும் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் சேர்த்துள்ளது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாகாது, சிறுவருக்கும் கொடுத்தலாகாது.

நடுகை

நீர் தேங்காத இடத்திற் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுக. நீர் மிகுந்தால் வேர் அழுகும். கிருமிநாசினித் தூவல் படாத வீட்டு முற்றத்தில் இரண்டொரு செடிகள் இருப்பின் ஒரு குடும்பத்துக்குப் போதுமானது.