எழுதியதைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட பதிவேடு

தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர், வருவோர் பெயரைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஒருவர் பெயருக்குப் பதிலாகக் 'கிடங்கைத் திற' என்று எழுதிவிட்டுப் போக, பாதுகாவலரும் அப்படியே திறந்துவிட்டால்?

2021 டிசம்பரில் கணினி உலகில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஜாவா மென்பொருள்கள் பலவற்றில், நடப்பதையெல்லாம் பதிவு செய்வது 'லாக்4ஜே' என்ற இலவசப் பகுதி. வெளியார் அனுப்பும் வரியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால், அதைப் பதிவதோடு நில்லாமல் அந்த முகவரியைத் தொடர்புகொண்டு, அங்கிருந்து வரும் நிரலையும் அது இயக்கக்கூடும். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி எழுதியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. ஆபத்து அளவுகோலில் இதற்கு 10க்கு 10. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது.

இதைச் சோதிப்பவர்கள் பெயர், தேடல் என ஒவ்வொரு கட்டத்திலும் தீங்கற்ற ஒரு வரியை இடுவார்கள். மென்பொருள் அவர்களது சர்வரைத் தேடி வந்தால் ஓட்டை உண்டு. வரவில்லை என்றதும் நிம்மதி அடைய முடியாது. பதிவு பிறகு வேறொரு கணினியில் எழுதப்படலாம்.

முதலில் வந்த 2.15.0 திருத்தமும் போதவில்லை, 2.16, 2.17 என அடுத்தடுத்துத் திருத்தங்கள் தேவைப்பட்டன. கடைக்குக் கணக்கு மென்பொருள் வாங்கியவர்கள், விற்றவரிடம் ஒன்றைக் கேட்கலாம்: "இதில் லாக்4ஜே இருக்கிறதா? எந்தப் பதிப்பு?"