நூறு நாள் வேலைக் கூலி எத்தனை சுற்று வரும்?

போன பகுதியில ஜிடிபி பார்த்தோம். இன்னிக்கு 'பெருக்கி'. முதலாமாண்டுல நிறைய பேர் இதை வெறும் சூத்திரமா மனப்பாடம் பண்ணிட்டுத் தேர்வு எழுதிடறாங்க. நாம சூத்திரத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துல பாலாற்றங்கரையில இருக்கிற பழையசீவரத்துக்குப் போவோம்.

அங்க ஒரு அம்மாவுக்கு நூறு நாள் வேலையில 1,000 ரூபாய் கூலி வருதுன்னு வெச்சுக்குங்க. 200 ரூபாயைச் சேமிக்கிறாங்க, 800 ரூபாயைச் செலவு பண்றாங்க. அந்த 800, மளிகைக் கடைக்காரருக்கும் காய்கறி விக்கிறவங்களுக்கும் வருமானம். அவங்களும் 80 சதவீதம் செலவு பண்ணா 640. அடுத்த சுற்றுல 512. இப்படியே போய் எல்லாத்தையும் கூட்டினா 5,000 ரூபாய். சூத்திரம் சொல்றதும் இதைத்தான்: 1 ÷ (1 − 0.8) = 5. ஒருத்தர் செலவு இன்னொருத்தர் வருமானம், அவ்வளவுதான் விஷயம். 1931ல ரிச்சர்ட் கான் இதைக் கணக்கா எழுதினார். 1936ல கெய்ன்ஸ் தன்னோட நூல்ல இதை மையமான கருத்தா ஆக்கினார்.

சரி, அந்த 5,000மும் பழையசீவரத்துலயே இருக்குமா? இருக்காது. கடைச் சரக்கு வாலாஜாபாத்துல இருந்தோ காஞ்சிபுரத்துல இருந்தோ வரும். செலவாகிற 800ல பாதி அப்படி வெளியே போயிடுதுன்னா, ஊருக்குள்ள 400, 160, 64 எனச் சீக்கிரமே தேய்ஞ்சு, மொத்தம் சுமார் 1,667தான். இதுக்குப் பேர் கசிவு. ஆனா ஊரை விட்டுப் போன பணம் நாட்டை விட்டுப் போகல; வேற ஊர்ல யாரோ ஒருத்தருக்கு வருமானம். எந்த எல்லைக்குள்ள கணக்குப் போடறோம்ங்கிறதைப் பொறுத்து விடை மாறும். நாட்டுக் கணக்குல வரியும் இறக்குமதியும் கசிவு. ஆலைகளும் ஆட்களும் ஏற்கெனவே முழு வேலையில இருந்தா, உற்பத்திக்குப் பதிலா விலைதான் ஏறும். இதையும் தேர்வுல எழுதுங்க.

இன்னொண்ணு, நேரம். வேலை செஞ்ச 15 நாளுக்குள்ள கூலி தரணும்னு 2005ஆம் வருஷச் சட்டம் சொல்லிச்சு. ஆனா 2025 ஜனவரி 13, பொங்கலுக்கு முந்தின நாள், கூலி நிலுவை 1,056 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாட்டுப் பொங்கல் அன்னிக்குத்தான் காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வருவார். ஊரே கூடும் நாள். கையில காசு இருக்க வேண்டிய நாள்.

கூலி வரலேன்னா யாரும் சாப்பிடாம இருக்கறதில்ல; கடை நோட்டுல கடன் எழுதுவாங்க. கடைக்காரர் மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைப்பார். அரசாங்கம் தர வேண்டிய பணத்தை உண்மையில சுமக்கறது அந்தக் கடை நோட்டு. இல்ல, வட்டிக்கு வாங்கியிருந்தா, தாமதமா வர்ற கூலியில ஒரு பங்கு வட்டிக்கே போயிடும். மளிகைக்குப் போற தொகை குறையும், அடுத்தடுத்த சுற்றும் சின்னதாகும்.

அதனால அரசு செலவு பத்திக் கேள்வி வந்தா, 'எவ்வளவு'ன்னு மட்டும் கேக்காதீங்க. யார் கைக்கு, எப்போன்னும் கேளுங்க.