வெர்மீரின் தெருவில் நான்கு பேர்

ஆயில் பெயின்டிங்கில் தெருக்காட்சி பழக வேண்டும், அதில் மனிதர்களும் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் படம், யோஹான்னஸ் வெர்மீர் 1658 வாக்கில் வரைந்த ‘சிறு தெரு’. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 54.3 செ.மீ., அகலம் 44 செ.மீ. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு செங்கல் வீடு, பக்கத்தில் சந்து, மேலே மேகம் கவிந்த வானம். வாசலில் ஒருத்தி குனிந்து கைவேலை செய்கிறாள். சந்துக்குள் இன்னொருத்தி பீப்பாய் அருகே நிற்கிறாள். வீட்டு முன் தரையில் மண்டியிட்டு இரண்டு குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

அந்த வீடு எது என்று நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். கால்வாய்க் கரை வீடுகளின் அகலத்தையும் சந்துகளின் அகலத்தையும் பதிந்த 1667-ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டைக் கொண்டு, ஃப்ரான்ஸ் கிரைசன்ஹௌட் என்ற பேராசிரியர் 2015-இல் விளாமிங்ஸ்ட்ராட் தெருவின் 40, 42 எண்களைக் காட்டினார். வலப்பக்க வீட்டில் இருந்தவர் வெர்மீரின் அத்தை. குடல் விற்றுப் பிழைத்தவர். தெரிந்த சுவர், பழகிய வாசல் என்பதால்தானோ என்னவோ, படத்தில் எதையும் அலங்கரிக்கத் தோன்றவில்லை வெர்மீருக்கு.

நகலைப் பாதி அளவில் தொடங்குங்கள். பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் நகல் வரைய அனுமதி பெறுகிறவர்கள்கூட மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது. கட்டம் போட்டுக் கோடுகளை மாற்றியபின், பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பிரியுங்கள். ஆயில் கலர் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக லின்சீட் ஆயில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடிப்பு விடும். செங்கற்களை ஒவ்வொன்றாக வரையவே கூடாது. சுவர் முழுவதற்கும் செம்பழுப்பைப் பூசிக் காயவிட்டு, காரைக் கோடுகளை மெல்லிய பிரஷால் விட்டுவிட்டு இழுத்தால் போதும். விட்ட இடங்களைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

மனிதர்களிடம் வரும்போதுதான் உண்மையான பாடம். புதிதாகப் பழகுகிறவர் முதலில் கண், மூக்கு என்று தேடுவார். வெர்மீர் அதற்கு இடமே தரவில்லை. வாசலில் இருப்பவளின் முகம் சில தீற்றல்கள்தான். அவளை அவளாக்குவது குனிந்த தலையும், பின்னாலுள்ள இருட்டில் பளிச்சிடும் வெள்ளைக் குல்லாவும். அந்த இருட்டைத் தைரியமாகப் பூசாமல் குல்லாவுக்கு எத்தனை வெள்ளை ஏற்றினாலும் பயனில்லை. குழந்தைகளுக்கோ முதுகுதான் பேச்சு. இந்த நால்வரைச் சரியாக நகலெடுத்தவருக்கு எந்த ஊர்க் கூட்டத்தையும் வரையத் துணிச்சல் வந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இருந்த ஒருத்தியை வெர்மீரே எடுத்தும் இருக்கிறார். சந்தின் வாயிலில் முதலில் ஒரு பெண் உருவம் இருந்து பிறகு மறைக்கப்பட்டது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அவள் இருந்திருந்தால் நம் பார்வை அங்கேயே நின்றிருக்கும். இப்போது அது தடையில்லாமல் உள்ளே போய்ப் பீப்பாய் வரை சேர்கிறது. ஒரு பென்சில் கோட்டில் அவளை அங்கே நிறுத்திப் பார்த்துவிட்டு அழியுங்கள், புரியும்.

இலைகளில் ஒரு சிக்கல் உண்டு. இடப்பக்கக் கொடி இன்று நீலமாகத் தெரிகிறது. அல்ட்ராமரைன் நீலத்தோடு சேர்ந்திருந்த மஞ்சள் காலப்போக்கில் மங்கியதன் விளைவு அது. நகலில் நீலமா, பச்சையா? முதலில் கண் காண்கிற நீலத்தையே வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய மஞ்சளை எண்ணெயில் கரைத்து மேலே ஓடவிட்டால் கொடி பச்சையாகும்; அதன் பக்கத்திலுள்ள செங்கல்லும் கூடவே சிவந்து தோன்றும்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். அதற்குள் அடுத்த நகலைத் தொடங்கலாம். வெர்மீருடையவை என்று இன்று அறியப்படும் சுமார் 37 ஓவியங்களில் வெளிப்புறக் காட்சிகள் இரண்டே. மற்றது ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹௌஸில் உள்ள ‘டெல்ஃப்ட் காட்சி’. அதன் முன்கரையில் நிற்பவர்கள் இன்னும் சிறியவர்கள். அங்கேயும் ஒருவரை வரைந்து, பின் மூடியிருக்கிறார்.